சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்காருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும், ஆசிரியர் ஓய்வறையிலும், சக ஆசிரியர் வகுப்பு உற்றுநோக்கலைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாக்கிலேயே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளையும் அரசு உதவிபெறும் பள்ளிகளையும் மனத்தில் வைத்து எழுதியது இது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

சக ஆசிரியர் உற்றுநோக்கல் என்றால் என்ன? வட்டாரக் கல்வி அலுவலர் வந்து பார்ப்பதும் இதுவும் ஒன்றுதானே?

உங்களைப் போலவே தினமும் வகுப்பெடுக்கும் ஒருவர், நீங்கள் கூப்பிட்டதன்பேரில் உங்கள் வகுப்பில் வந்து உட்காருகிறார். நீங்கள் பார்க்கச் சொன்னதைப் பார்க்கிறார். பார்த்ததை உங்களிடம் மட்டும் சொல்கிறார். பிறகொரு நாள் நீங்கள் அவர் வகுப்புக்குப் போகிறீர்கள். இவ்வளவுதான் விஷயம்.

ஆய்வு வேறு. வட்டாரக் கல்வி அலுவலரோ, ஆண்டாய்வுக் குழுவோ, செயலியில் பதிவிடும் ஆசிரியர் பயிற்றுநரோ வரும்போது, எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் துறை முடிவு செய்கிறது. அவர்கள் எழுதுவது மேலே போகிறது. அதுவும் தேவைதான், மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் வகுப்பைப் பற்றி அரசு தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால், மேலே போகப் போகிற காகிதத்துக்கு முன்னால் எந்த ஆசிரியரும் தனக்கு வராத ஒன்றைச் செய்து பார்க்கத் துணிய மாட்டார். நன்றாக வரும் பாடத்தையே எடுப்பார். தடுமாறும் பாடத்தை யாரிடமாவது காட்ட வேண்டுமென்றால், அதற்குச் சக ஆசிரியர்தான் சரியான ஆள்.

பி.எட். படிக்கும்போதே உற்றுநோக்கல் பதிவேடு எழுதிக் கொடுத்தாயிற்று. மறுபடியும் எதற்கு?

அப்போது நமக்கு வகுப்பே இல்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல், மூத்த ஆசிரியர் செய்ததையெல்லாம் எழுதினோம். பதினைந்து ஆண்டுகள் பின்னம் நடத்தியவர் இன்னொருவர் பின்னம் நடத்துவதைப் பார்க்கும்போது, பார்வையே வேறாக இருக்கும். தான் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இவர் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வியோடு பார்ப்பார்.

நம் பணியின் விநோதம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மருத்துவர் அறுவை அரங்கில் இன்னொரு மருத்துவரோடு நிற்கிறார். வழக்கறிஞர் நீதிமன்றத்தில் மற்ற வழக்கறிஞர்கள் வாதாடுவதைக் கேட்கிறார். ஆசிரியர் மட்டும் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஓய்வுபெறும் நாள் வரை, தன் தொழிலை வேறொருவர் செய்வதைப் பார்க்காமலே இருந்துவிட முடியும். சுவருக்கு அந்தப் பக்கம் நடப்பது நமக்குச் சத்தமாகத்தான் கேட்கிறது.

பயன் யாருக்கு? குறை சொல்லப்படுகிறவருக்கா, பார்க்கிறவருக்கா?

இருவருக்கும். ஆனால் போய்ப் பார்க்கிறவருக்குக் கிடைப்பதை நாம் குறைவாகவே மதிப்பிடுகிறோம். அமெரிக்காவைச் சேர்ந்த புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தவர்கள். பயிற்சிக் கூடத்தில் கற்ற முறை வகுப்பறைக்குள் வந்து சேர, சக ஆசிரியர்களின் துணை வேண்டும் என்று எடுத்துச்சொன்னவர்கள் அவர்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு 1996-இல், தங்கள் முறையிலிருந்து ஒன்றை நீக்கியதாக எழுதினார்கள்: வகுப்பைப் பார்த்தவர் கருத்துச் சொல்லும் பகுதியை! கருத்துச் சொல்லத் தொடங்கியதும் ஒருவர் மேலாளராகவும் மற்றவர் கீழாகவும் ஆகி, கூட்டு முயற்சி கெட்டுவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே வகுப்பெடுப்பவரே பயிற்றுநர், பார்க்க வந்தவரே கற்பவர் என்று மாற்றி அமைத்தார்கள்.

நான் அந்த அளவுக்குப் போகவில்லை. பேச்சு வேண்டும் என்றே நினைக்கிறேன். அந்தப் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன். ஆனால் அடுத்த அறைக்குள் போகும்போது, ‘கற்றுக்கொள்ளப் போகிறேன்’ என்ற நினைப்போடு போவது எல்லாவற்றையும் எளிதாக்கிவிடும்.

எனக்கு ஓய்வுப் பாடவேளையே கிடைப்பதில்லை. யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பும் என் தலையில்தான். இதற்கு நேரம் எங்கே?

நியாயமான கேள்வி. நேரம் ஒதுக்காமல் ‘செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லும் எந்தத் திட்டத்தையும் நான் ஆதரிக்க மாட்டேன். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஆசிரியரின் வேலைநேரத்தை வாரத்துக்கு 45 மணி என்று சொல்லும்போது, பாட ஆயத்த நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது. வகுப்பில் நிற்கும் நேரம் மட்டுமே வேலை என்ற கணக்கு சட்டத்திலேயே இல்லை. சிபிஎஸ்இ பள்ளிகளில் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சி உண்டு. அதில் ஒரு பகுதியைப் பள்ளிக்குள்ளேயே நடத்தலாம். அங்கே இதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குவது எளிது.

நடைமுறையில், முழுப் பாடவேளையும் உட்கார வேண்டியதில்லை. பாடத்தின் முதல் 20 நிமிடம், அல்லது கணக்குப் போட விடும் கடைசி 15 நிமிடம் போதும். மாதத்துக்கு ஒருமுறை நடந்தாலே பெரிது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இரண்டு பிரிவுகளை ஒரே அறையில் அடைத்துவிட்டு ஓர் ஆசிரியரை உற்றுநோக்க அனுப்புவது. எந்தப் பிள்ளைகளுக்காக இதைச் செய்கிறோமோ, அவர்களே அதன் விலையைக் கொடுக்கக் கூடாது.

நான் தமிழாசிரியை. அறிவியல் வகுப்பில் உட்கார்ந்து என்ன செய்ய?

பாடப்பொருளைச் சரிபார்க்க வேண்டுமென்றால் அதே பாட ஆசிரியர்தான் வேண்டும். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமென்றால், வேறு பாட ஆசிரியர் பல நேரம் மேலானவர். அறிவியல் தெரிந்தவரின் கண் கரும்பலகையிலேயே இருக்கும். உங்களுக்கோ அந்தப் பாடம் பள்ளி நாளோடு மறந்துபோயிருக்கும். எட்டாம் வகுப்புப் பிள்ளை எந்த இடத்தில் தொலைந்துபோகிறதோ, நீங்களும் அதே இடத்தில் தொலைந்துபோவீர்கள். ‘அடர்த்தி என்று சொன்னதிலிருந்து எனக்குப் புரியவில்லை, டீச்சர்’ என்று அப்படியே சொல்லுங்கள். அவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறில்லை.

இணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆசிரியர்களிடம் இருக்கட்டும். தலைமையாசிரியர் பட்டியல் போட்டு ஒட்டினால், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாதவர்கள்கூட அதில் இணையாகி நிற்பார்கள்.

போவதற்கு முன் என்ன பேச வேண்டும்? நேரே போய் உட்கார்ந்தால் ஆகாதா?

ஆகாது. முதல் நாள் ஐந்து நிமிடம் பேசுங்கள். அதில் முடிவாக வேண்டியது ஒன்றே: எதைப் பார்க்க வேண்டும்? அதை வகுப்புக்குரிய ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். ‘பொதுவாக எல்லாவற்றையும் பாருங்கள், சார்’ என்றால் அது கேள்வியே அல்ல. ‘நான் கேள்வி கேட்டால் நாலு பேர்தான் பதில் சொல்கிறார்கள், மற்றவர்கள் அந்த நேரத்தில் என்ன செய்கிறார்கள்?’ என்பது கேள்வி. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக்களாகப் பிரித்துக் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பென்றால், ‘நான் மலர் குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது அரும்பு நிலைப் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள், எவ்வளவு நேரம் எனக்காகக் காத்திருக்கிறார்கள்?’ என்பது அருமையான கேள்வி. குழுக்களுக்கு நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியரால் அதை ஒருநாளும் தானாகப் பார்க்க முடியாது.

வகுப்பில் எங்கே உட்காருவது? எழுந்து நடமாடலாமா?

கடைசி பெஞ்சில் உட்காருவதுதான் வழக்கம். அங்கிருந்து நாற்பது முதுகுகளும் ஓர் ஆசிரியரும்தான் தெரியும். பக்கவாட்டில், பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரிகிற மாதிரி உட்காருங்கள். அவர்கள் தனியாகக் கணக்குப் போடும் நேரத்தில் மெதுவாக நடந்து நோட்டுகளைப் பார்க்கலாம். முன்கூட்டியே அனுமதி கேட்டிருக்க வேண்டும்.

வாய் திறக்கக் கூடாது. பிள்ளை தப்பாக எழுதினால் திருத்தக் கூடாது. அரட்டை அடிப்பவனை முறைக்கவும் கூடாது. செல்போன் பையிலேயே இருக்கட்டும்.

படிவம் ஏதாவது இருக்கிறதா? என்ன எழுதுவது?

‘மிக நன்று, நன்று, சுமார்’ என்று கட்டம் கட்டமாக இருக்கும் படிவங்களை ஒதுக்கிவையுங்கள். வெள்ளைத்தாள் போதும். இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் கண்ணால் கண்டது, காதால் கேட்டது. உங்கள் தீர்ப்பு அதில் வரக் கூடாது. ‘மாணவர்கள் ஆர்வமாக இருந்தனர்’ என்பது தீர்ப்பு. ‘ஜன்னலோர வரிசையில் ஆறு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள்’ என்பது கண்டது.

ஏழாம் வகுப்பு, முழுக்களின் கழித்தல் பாடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நல்ல குறிப்பு இப்படி இருக்கும்:

10.50 – கரும்பலகையில் 5 − (−2). ‘நோட்டில் போடுங்கள்’ என்கிறார்.
10.51 – மூன்றாம் பெஞ்ச், சுவரோர மாணவி: விடை 3 என்று எழுதுகிறாள். பக்கத்தில் இருப்பவளும் 3.
10.52 – ஆசிரியர் கரும்பலகையில் 5 + 2 = 7 என்று எழுதுகிறார். ‘புரிந்ததா?’ வகுப்பு முழுவதும்: ‘புரிந்தது சார்.’ சுவரோர மாணவியும் சொல்கிறாள்.
10.53 – அவள் 3-ஐ ரப்பரால் அழித்து 7 என்று எழுதுகிறாள். நடுவில் வேறு வரி எதுவும் எழுதவில்லை.
10.54 – அடுத்த கணக்கு, 4 − (−6). அவள் எழுதாமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த ஐந்து வரிகளில் ‘நல்லது’, ‘கெட்டது’ என்ற சொல்லே இல்லை. ஆனாலும் அந்த ஆசிரியருக்கு இதைவிட மதிப்பான ஒன்றை எந்தப் பயிற்சி முகாமும் தர முடியாது. மாலையில் நோட்டைத் திருத்தும்போது அவர் கண்ணில் படுவது 7 மட்டும்தான். அழிக்கப்பட்ட 3 அவருக்குத் தெரியவே தெரியாது. பார்க்க வந்தவர் ஆசிரியரின் கையெழுத்தையும் குரல்வளத்தையும் எடை போடுவதை விட்டுவிட்டு, அந்த 3-ஐப் பிடித்து வர வேண்டும்.

எண்ணிக் குறிக்கக்கூடியவை வேறு ஏதாவது சொல்லுங்களேன். எனக்கு இப்படிக் கதை மாதிரி எழுத வராது.

இருக்கைப் படம் ஒன்று வரைந்து, ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். பாடவேளை முடிவில் கோடே விழாத கட்டங்கள் தாமாகக் கண்ணில் படும்.

இரண்டாவது, காத்திருக்கும் நேரம். கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எத்தனை விநாடி பொறுக்கிறார் என்று மனத்துக்குள் எண்ணிக் குறியுங்கள். அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுக்கே காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கும் மேலாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி கேட்கச் சின்னதாகத் தெரியும். வகுப்பில் நின்று பாருங்கள், எவ்வளவு நீளம் என்று புரியும்.

மூன்றாவது, யார் பேசுகிறார்கள் என்பது. வகுப்பறைப் பேச்சை வகை பிரித்துக் குறிக்கும் முறையை வகுத்த ஃபிளாண்டர்ஸின் பெயர் பி.எட். படித்தவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று விநாடிக்கு ஓர் எண் எழுத வேண்டும். பத்து வகைகளில் ஏழு ஆசிரியர் பேச்சு, இரண்டு மாணவர் பேச்சு, ஒன்று மௌனம் அல்லது குழப்பம். அதை முழுதாகச் செய்தால் கை ஒடிந்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ‘ஆ’, ‘மா’, ‘மௌ’ என்று குறித்தால் நமக்குப் போதும்.

வகுப்பு முடிந்ததும் என்ன பேசுவது? ‘நன்றாக இருந்தது’ என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வருவதில்லை.

அதைச் சொல்லவே வேண்டாம். நன்றாக இருந்தது என்றால் அடுத்த கேள்வி வராது. அன்றைக்கே, மறக்குமுன், பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். முதலில் வகுப்பெடுத்தவர் பேசட்டும். எது நினைத்தபடி நடந்தது, எது நடக்கவில்லை என்று அவர் சொன்ன பிறகு குறிப்புத்தாளை அவர் பக்கம் திருப்பி வையுங்கள். விளக்கம் சொல்லாமல் அவரையே படிக்கவிடுங்கள்.

மேலே சொன்ன ஏழாம் வகுப்பையே எடுத்துக்கொண்டால், பேச்சு இப்படிப் போகலாம்:

‘சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளை 3 என்று ஏன் எழுதியிருப்பாள், சார்?’
‘அடைப்புக்குள் இருக்கும் கழித்தல் குறியைப் பார்த்திருக்க மாட்டாள், டீச்சர். ஐந்திலிருந்து இரண்டு போனால் மூன்று.’
‘பக்கத்தில் இருந்தவளும் 3தான் எழுதினாள். எண்கோட்டில் போட்டுப் பார்த்திருந்தால்?’
‘நேற்று கூட்டலுக்கு எண்கோடு போட்டேன். கழித்தலுக்கு நேராக விதிக்குப் போய்விட்டேன்.’

டீச்சர் குறை எதுவும் சொல்லவில்லை. சார் தன் பாடத்தைத் தானே திரும்பிப் பார்த்துவிட்டார். பேச்சு இங்கே வந்து நின்றால், அடுத்த வகுப்பில் என்ன செய்வார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்துவிடலாம். ‘நானாக இருந்தால்...’ என்று தொடங்கும் வாக்கியங்களை அடக்கிவையுங்கள். அவராகக் கேட்டால் சொல்லுங்கள்.

பாடத்தையே தவறாக நடத்திவிட்டார் என்றால்? அப்போதும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதா?

இல்லை. பாடப்பொருள் பிழையை நேராக, அன்றைக்கே, தனியாகச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கே பிள்ளைகளிடம் திருத்தியாக வேண்டுமே. ‘ஒளிச்சேர்க்கையில் வெளிவருவது கரியமில வாயு என்று பலகையில் இருந்தது, சார். வாய் தவறியிருக்கும், நாளை திருத்திவிடுங்கள்’ என்றால் போதும். வகுப்பின் நடுவில் எழுந்து சொல்லக் கூடாது. மற்ற ஆசிரியர்களிடமும் சொல்லக் கூடாது. ஓய்வறையில் ஒருமுறை அது சிரிப்புப் பொருளாகிவிட்டால், அந்தப் பள்ளியில் இனி யாரும் கதவைத் திறந்துவைக்க மாட்டார்கள்.

ஓய்வுபெற மூன்று ஆண்டுதான் இருக்கிறது. நேற்று வேலைக்கு வந்த பிள்ளையா என் வகுப்பைப் பார்ப்பது?

ஆம், ஐயா. நீங்கள் போவதற்குள் அவர்கள் வந்து பார்த்துவிட வேண்டும். உங்கள் கைவசம் இருப்பது எந்தப் பாடக் குறிப்பிலும் எழுதப்படாதது. சத்தமிடும் வகுப்பு நீங்கள் உள்ளே வந்து நின்றதும் ஏன் அடங்குகிறது, திணறும் பையனிடம் எந்த நொடியில் உதவிக்குப் போகிறீர்கள், எந்த நொடியில் போகாமல் நிற்கிறீர்கள் என்பதையெல்லாம் உங்களாலேயே கோவையாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் பிடிபடும். நல்ல ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெறும்போது சால்வை போர்த்தி அனுப்புகிறோம். அவர் கற்பித்த விதம் அன்றோடு பள்ளியை விட்டுப் போய்விடுகிறது. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

இளையவர்களுக்கு: மூத்தவர் வகுப்புக்கு முதலில் நீங்கள் கற்க மட்டும் போங்கள். குறிப்புத்தாளைக்கூட நீட்ட வேண்டாம். ஒரு கேள்வி கேளுங்கள், போதும். ஒரு பருவம் கழித்து அவரே ‘இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லம்மா’ என்று கூப்பிடுவது நடக்கக் கூடியதுதான்.

யாராவது வந்து உட்கார்ந்தாலே பிள்ளைகள் பொம்மை மாதிரி ஆகிவிடுகிறார்கள். உண்மையான வகுப்பு எப்படித் தெரியும்?

முதல் முறை தெரியாது. மூன்றாம் முறை வரும்போது உங்களைப் பிள்ளைகள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். ஆசிரியர், ‘டீச்சர் என் வகுப்பைப் பார்க்க வந்திருக்கிறார், நானும் அவரிடம் கற்றுக்கொள்கிறேன்’ என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. தாங்கள் சோதிக்கப்படவில்லை என்று தெரிந்தால் அவர்கள் இயல்பாகிவிடுவார்கள். தவிரவும், அடக்கமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நோட்டில் தவறான விடை இயல்பாகத்தான் விழும்.

எங்கள் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்க்கப் போனால் மூன்று வகுப்புப் பிள்ளைகள் தனியே விடப்படுவார்களே?

சட்டப்படியே 60 பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள்தான் என்பதால், இது தமிழ்நாட்டின் ஏராளமான பள்ளிகளின் நிலை. மற்ற பள்ளிகளுக்கு எழுதிய பதில்களை இங்கே அப்படியே பொருத்த முடியாது. பல ஈராசிரியர் பள்ளிகளில் இரண்டு வகுப்பறைகளும் ஒரே கூடத்திலோ, நடுவில் ஒரு தட்டி மட்டும் வைத்தோ இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் எழுத்து வேலையில் இருக்கும் பத்து நிமிடத்தில், நின்ற இடத்திலிருந்தே ஒரு குழுவை மட்டும் கவனியுங்கள். மேலே சொன்ன அரும்பு நிலைக் கேள்விக்கு அந்தப் பத்து நிமிடமே விடை கொடுத்துவிடும்.

இன்னொரு வழி, நோட்டுகளை மாற்றிப் பார்ப்பது. உங்கள் வகுப்பின் பத்து நோட்டுகளை அவரும், அவர் வகுப்பின் பத்து நோட்டுகளை நீங்களும் மதிய இடைவேளையில் புரட்டிப் பார்த்து, ஒரே மாதிரிப் பிழை எங்கே வருகிறது என்று பேசுங்கள். இது உற்றுநோக்கல் ஆகாது என்று சொல்வார்கள். சொல்லட்டும், அதன் நோக்கம் இதில் நிறைவேறுகிறது.

செல்போனில் வீடியோ எடுத்துப் பிறகு பார்த்தால் எளிதாயிற்றே?

உங்கள் குரலை மட்டும் ஒலிப்பதிவு செய்து நீங்களே கேட்பது மிக நல்லது. காத்திருக்கும் நேரத்தை அளக்க அதைவிடச் சிறந்த வழி இல்லை. கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். பிள்ளைகள் முகம் தெரியும் வீடியோ வேறு விஷயம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இருக்கட்டும், விடை தெரியாமல் விழிக்கும் ஒரு பிள்ளையின் முகம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றுவதை யாரால் ஏற்க முடியும்? பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் தலைமையாசிரியரின் அனுமதியும் இல்லாமல் எடுக்காதீர்கள்.

தலைமையாசிரியர் குறிப்பின் நகலைக் கேட்கிறார். கோப்பில் வைக்க வேண்டுமாம். கொடுக்கலாமா?

குறிப்பு வகுப்பெடுத்தவருக்குச் சொந்தம். பேசி முடித்ததும் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள், நீங்களும் நகல் வைத்துக்கொள்ள வேண்டாம். தலைமையாசிரியருக்கு ‘இன்ன தேதியில், இன்ன வகுப்பில், இருவரும் உற்றுநோக்கலை முடித்தோம்’ என்ற ஒரு வரிப் பதிவேடு போதும். அதை மறுக்கக் கூடாது. வகுப்பு விட்டு ஆசிரியர் எங்கே போனார் என்று கேட்பவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நகலைக் கேட்கும் தலைமையாசிரியர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்டக் காகிதம் வேண்டும் என்ற கவலைதான். ஆனால் அந்த நகலை வைத்து ஆசிரியரை எடை போட்டால் அது நியாயமும் ஆகாது. 2009 முதல் 2012 வரை அமெரிக்காவில் கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் சுமார் 3,000 ஆசிரியர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வு, பயிற்சி பெற்ற ஒருவர் ஒரு வகுப்பை மட்டும் பார்த்துப் போடும் மதிப்பெண்ணை நம்ப முடியாது, பலர் பல வகுப்புகளைப் பார்க்க வேண்டும் என்று காட்டியது. நட்புக்காக வந்து அரைமணி நேரம் உட்கார்ந்தவரின் தாள் எந்த எடைக்கல்லுக்கும் ஆகாது.

பார்க்கப் போன வகுப்பில் ஒரு பிள்ளையை அடித்தார்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே?

அந்த வாக்கு பாடம் நடத்தும் முறைக்கு மட்டுமே. பிள்ளையின் பாதுகாப்புக்கு அது பொருந்தாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முதல் சந்திப்பிலேயே, ‘பிள்ளைகளின் பாதுகாப்பு தவிர மற்ற எதுவும் வெளியே போகாது’ என்று இருவரும் சொல்லிக்கொள்ளுங்கள். அப்படி ஒன்று நடந்துவிட்டால், முதலில் அந்தப் பிள்ளையைக் கவனித்து, தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அங்கே கேட்கப்படாவிட்டால் குழந்தைகளுக்கான 1098, அல்லது பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. சக ஆசிரியரோடு உள்ள நட்பு இதில் குறுக்கே வரக் கூடாது.

ஜப்பானில் இப்படித்தான் செய்கிறார்களாமே? நாமும் அதையே செய்தால் என்ன?

ஜப்பானின் ‘ஜுக்யோ கென்க்யூ’ (பாட ஆய்வு) நூறு ஆண்டுகளுக்கும் மேலான பழக்கம். 1990களில் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கக் கணித வகுப்புகளை வீடியோவில் ஒப்பிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அங்கே சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். பிள்ளைகள் என்ன விடை சொல்லக்கூடும், தவறான விடை எப்படி இருக்கும் என்பதைக்கூட முன்கூட்டி எழுதிவைக்கிறார்கள். ஒருவர் வகுப்பெடுக்க, மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகளைக் கவனிக்கிறார்கள். பிறகு பேசுவது ‘நம்முடைய பாடம்’ பற்றி. திட்டம் எல்லாருடையது என்பதால், வகுப்பெடுத்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதில்லை.

அதை அப்படியே கொண்டுவர நம்மிடம் நேரமில்லை. ஆனால் அதில் ஒன்றை நாளைக்கே எடுத்துக்கொள்ளலாம்: பாடத்தை இருவரும் சேர்ந்து திட்டமிடுவது. 5 − (−2) என்று எழுதும் முன், ‘எத்தனை பேர் 3 என்பார்கள்?’ என்று முதல் நாளே பேசியிருந்தால், எண்கோடு பலகைக்குத் தானாக வந்திருக்கும்.

இதையெல்லாம் செய்தால் பத்தாம் வகுப்பு மதிப்பெண் கூடுமா? நேராகச் சொல்லுங்கள்.

கூடும் என்று உறுதி தர மாட்டேன். சக ஆசிரியர் உற்றுநோக்கலை வைத்து இங்கிலாந்தில் 82 மேல்நிலைப் பள்ளிகளில் நடந்த சோதனையின் அதிகாரபூர்வ மதிப்பீடு 2017-இல் வந்தது. ஆங்கில, கணிதப் பொதுத்தேர்வு மதிப்பெண்களில் முன்னேற்றம் தெரியவில்லை என்றது. திட்டமிட்ட அளவுக்குப் பல பள்ளிகளில் உற்றுநோக்கல் நடக்கவும் இல்லை. அதே சோதனையை நடத்திய ஆய்வாளர்கள் பிறகு வேறு விதமாக அலசி, சிறிய முன்னேற்றம் உண்டு என்றும், பார்க்கப்பட்டவரின் மாணவர்களைப் போலவே பார்க்கப் போனவரின் மாணவர்களும் பயனடைந்தார்கள் என்றும் எழுதினார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஒரு திறனில் பலமானவரையும் அதே திறனில் பின்தங்கியவரையும் இணையாக்கியபோது பிள்ளைகளின் மதிப்பெண் ஓரளவு உயர்ந்தது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: பெயருக்குச் செய்தால் பெயருக்குத்தான் பலன். யார் யாரோடு, எந்தக் கேள்வியோடு என்பதைப் பொறுத்தே எல்லாம். மதிப்பெண்ணுக்காக மட்டும் தொடங்குகிறவர்கள் அரையாண்டுத் தேர்வோடு நிறுத்திவிடுவார்கள்.

பள்ளியில் எனக்கு மட்டும்தான் இதில் ஆர்வம். மற்றவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

யாரையும் சம்மதிக்க வைக்க வேண்டாம். ‘உங்கள் வகுப்புக்கு வரட்டுமா?’ என்று கேட்காதீர்கள். ‘என் வகுப்புக்குக் கொஞ்சம் வாருங்களேன்’ என்று கேளுங்கள். உங்களுக்கு உண்மையிலேயே வராத ஒரு பாடத்தைச் சொல்லிக் கூப்பிடுங்கள். இருக்கைப் படத்தைக் கையில் கொடுத்து, ‘யாரிடம் கேட்கிறேன் என்று கோடு மட்டும் போடுங்கள், போதும்’ என்றால் எவரும் மறுக்க மாட்டார். அந்தத் தாளை வைத்து அடுத்த வாரம் நீங்கள் எதையாவது மாற்றிக்கொண்டதை அவர் பார்க்கும்போது, தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்று தோன்றலாம். தோன்றாவிட்டால் இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

தொடக்கத்தில் நன்றாக நடந்தது. இப்போது கையெழுத்துப் போடும் சடங்காகிவிட்டது. என்ன செய்வது?

கடைசியாக எழுதிய மூன்று குறிப்புகளை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளைப் பற்றிய வரிகள் குறைந்து, ஆசிரியரைப் பற்றிய வரிகள் கூடியிருந்தால் நோய் அங்கேதான். ஒரே இணை இரண்டு ஆண்டாகத் தொடர்ந்தாலும் இப்படி ஆகும். ஒருவரை ஒருவர் நோகடிக்காமல் பேசும் கலை கைவந்துவிடும், புதிதாக எதுவும் கண்ணில் படாது. இணையை மாற்றுங்கள். கேள்வியையும் மாற்றுங்கள்.

பொதுத்தேர்வு நெருங்கும் ஜனவரியிலிருந்து யாரையும் வற்புறுத்த வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்ததும், முதல் இடைப்பருவத் தேர்வுக்கு முன்பாக, ஒரே ஒரு வகுப்பு, ஒரே ஒரு கேள்வி என்று மறுபடி தொடங்கலாம்.